ஏழாவது கண்

தெஷியோவில் பனி பெய்வதில்லை.
இறக்கி வைக்கிறார்கள்,
லாரியிலிருந்து மூட்டை இறக்குவதுபோல்
இரவெல்லாம், கணக்கில்லாமல்.

நான் காப்பீட்டுக்காரன்.
கணக்கு என் வேலை.
பிப்ரவரி பதினாறு, காலை எட்டேகால்.
குசகாபே நொபோருவின் மாட்டுக்கொட்டகை
ஏழாவது கண்ணில் முறிந்து
பால் குழாய்களின்மேல் கவிழ்ந்து கிடந்தது.

மூன்றைத் தவிர மாடுகள் பிழைத்தன.
பக்கத்துப் பண்ணை வேலியோரம்
முதுகில் பனியோடு நின்று
என்னையே பார்த்தன,
படிவத்தில் தங்களுக்கும் ஒரு கட்டம்
இருக்கிறதா என்பதுபோல்.
இருக்கிறது. பதினான்காவது.

கைமரம் என்கிறோம்.
மரமில்லை, முழங்கை உயர இரும்பு.
மேலிருந்து ஏற்றும் பாரத்துக்கு அது மலை.
பக்கவாட்டில் வெறும் சீட்டு,
விளிம்பில் நிறுத்திய சீட்டு.
பாரம் கூடக் கூட
எந்தப் பக்கம் புரண்டு படுக்கலாம்
என்பதே அதன் யோசனை.

புரளவிடாமல் பிடித்திருப்பவை
பர்லின்கள்.
இரண்டு மில்லிமீட்டர்த் தகடு,
இசட் எழுத்தாக மடித்தது,
கைமரத்துக்குக் குறுக்கே, வரிசை வரிசையாக.
கூரைத் தகட்டை அவை சுமப்பது
அண்ணாந்து பார்த்தாலே தெரியும்.
தங்களைச் சுமக்கும் கைமரத்தை
அவையே நிமிர்த்தி வைத்திருப்பது
அண்ணாந்து பார்த்தாலும் தெரியாது.
யார் தோளில் யார் என்று
கூரைக்குள் ஒரு வழக்கு நடக்கிறது.
தீர்ப்பு வராதவரை
மாடுகள் அசைபோடலாம்.

எண்ணினேன்.
ஆறாவது கண்ணில் ஒன்பது.
எட்டாவதிலும் ஒன்பது.
ஏழாவதில் ஏழு.
மற்ற இரண்டின் இடத்தில்
துண்டித்த நுனிகள்,
ஓரம் சீராக, நீலம் பாரித்து.
பனி இப்படி வெட்டாது.

"காற்றுப்போக்கிக்காக," என்றார் குசகாபே.
"கோடையில் மாடுகளுக்கு மூச்சு முட்டியது."
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.
தலை வெளுத்துக்கொண்டே வந்தது.
தட்டிவிடத் தோன்றவில்லை அவருக்கு.

ஒன்பதாம் கட்டம்:
உரிமையாளர் செய்த மாற்றம், உண்டு அல்லது இல்லை.
உண்டென்றால் பணம் இல்லை.
பேனா உறைந்திருந்தது.
வாயருகே வைத்து ஊதினேன்.

அப்போதுதான் பனி வாரும் வண்டியிலிருந்து
ஒருத்தி இறங்கி வந்தாள்.
தொமிசாவா ஷிகேயோ, பற்றவைப்பு வேலை.
கையுறையெங்கும் தீப்பொறி போட்ட பொத்தல்.

"வெட்டினது நான்.
பதினெட்டாயிரம் யென், ரசீதும் கொடுத்தேன்.
தகட்டுக்குத்தானே இது, கொஞ்சம் போனால் என்ன என்றார்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.
இரண்டாவதை வெட்டியதும் மேலே ஒரு முனகல்.
தூக்கத்தில் யாரோ திரும்பிப் படுப்பதுபோல.
வெயிலுக்கு இரும்பு முனகும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அன்றைக்கு மேகமூட்டம்."

முனகலுக்குப் படிவத்தில் கட்டமில்லை.
நான் தேடவும் இல்லை.
அதற்குள் அடுத்ததைச் சொல்லிவிட்டாள்:

"இதே காற்றுப்போக்கி,
இன்னும் நாலு கொட்டகையில் வைத்திருக்கிறேன்."

மூவரும் வானத்தைப் பார்த்தோம்.
மூட்டை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

முதல் கொட்டகையில் பதினொரு மணிக்கு.
கூரைப் பனியைத் தள்ளி, கீழே முட்டுக்கொடுத்து,
காற்றுப்போக்கியைக் கழற்றி எறிந்து,
வெட்டிய நுனிகளுக்கு நடுவே
புதுத் துண்டு வைத்துப் போல்ட் முடுக்கினாள்.
குசகாபே ஏணியைப் பிடித்தார்.
இடிந்தது தன் கொட்டகை என்பதே
மறந்துபோனவரைப்போல.

நாலாவதை எட்டும்போது இருட்டிவிட்டது.
டார்ச் என் கையில்.
பல்லிடுக்கில் போல்ட்டைக் கடித்தபடி
மேலிருந்து கேட்டாள்:
"நேரா இருக்கா?"

வெளிச்சத்தைக் கைமரத்தின்மேல் ஓட்டினேன்.
அடியில் அறுபது வாய்கள் அசைபோட்டன.
அளவுகோல் வண்டியிலேயே இருந்தது,
ஒன்பதாம் கட்டம் காலியாகவே கிடக்கும்
அந்தப் படிவத்தோடு.

"இருக்கு," என்றேன்.
அளக்காமல் நான் சொன்ன முதல் அளவு அது.
அவள் அடுத்த போல்ட்டுக்குக் கை நீட்டினாள்.